கீழ் லீக் ஐஸ் ஹாக்கி வீரர்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கனடாக்காரரான மைக் சிலிங்கர், வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்டங்கள் ஆடியவர். 2009இல் ஓய்வை அறிவித்தபோது 12 அணிகளின் சீருடைகளைப் போட்டுக் கழற்றியிருந்தார். ஒன்பது முறை ஓர் அணி அவரை இன்னோர் அணிக்குக் கைமாற்றிவிட்டது. ரசிகர்கள் இதை வேடிக்கையான சாதனையாகச் சொல்வார்கள். உண்மையில் சிலிங்கர் கொடுத்துவைத்தவர். எத்தனை ஊர் மாறினாலும் பெரும்பாலும் பெரிய லீகின் சம்பளத்திலேயே இருந்தார்.

என்எச்எல்லில் 32 அணிகள், அணிப் பட்டியலில் அதிகபட்சம் 23 பேர். ஆக, எழுநூற்றுச் சொச்சம் வேலைகள்தான். அடுத்த படி ஏஎச்எல், அதற்கும் கீழே ஈசிஎச்எல், கடல் தாண்டினால் ஜெர்மனி, ஸ்வீடன், பிரிட்டன் லீகுகள். இந்தப் படிகளில் ஏறியும் இறங்கியும் தொழில் காலம் முழுவதையும் ஓட்டுகிறவர்கள் ஏராளம். இவர்களுக்கு உரிமைகள் இல்லாமல் இல்லை. வீரர் சங்கமும் லீகும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. ‘கேட்டால் அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டார்களோ’ என்ற பயம்தான் அந்தப் பக்கங்களைப் புரட்ட விடுவதில்லை. அந்தப் பயம் இருக்கும்போதே தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

ஒரே ஒப்பந்தம், இரண்டு சம்பளம்

என்எச்எல்லின் விளிம்பில் நிற்கும் வீரருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ‘டூ-வே’ ஒப்பந்தம். மேலே ஆடினால் ஒரு சம்பளம், கீழே அனுப்பினால் வேறு சம்பளம். 2025-26 சீசனில் என்எச்எல்லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டாலர். அதே வீரருக்கு ஏஎச்எல் சம்பளம் 85,000 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சீசனை 190 நாள் என்று கணக்கிட்டால், மேலே இருக்கும் ஒவ்வொரு நாளும் 4,000 டாலருக்கு மேல். கீழே இறங்கிய மறுநாள் 450கூட இல்லை. ஈசிஎச்எல்லுக்கு இறங்கினால் வாரச் சம்பளமே சில நூறு டாலர்தான். சீசன் நடக்கும் மாதங்களில் தங்குமிடம் அணி தரும். கோடைக்காலம் அவரவர் பாடு.

எனவே ‘ஆண்டுக்கு ஏழே முக்கால் லட்சம்’ என்ற தலைப்பை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. குடும்ப பட்ஜெட்டைக் கீழ்ச் சம்பளத்தை வைத்தே போட வேண்டும். பேரம் பேசும்போது இரண்டு கேள்விகளை ஏஜெண்ட் கேட்டாரா என்று பாருங்கள். எங்கே ஆடினாலும் ஒரே சம்பளம் தரும் ‘ஒன்-வே’ கிடைக்குமா? கிடைக்காவிட்டால், எத்தனை நாள் கீழே இருந்தாலும் இதற்குக் குறையாது என்ற உத்தரவாதத் தொகையையாவது எழுத முடியுமா?

அனுபவம் ஏறிய வீரரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் முதலில் ‘வேவர்ஸ்’ பட்டியலில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். அதற்குள் வேறு எந்த அணி கைதூக்கினாலும் அவர் அங்கே போயாக வேண்டும். வீட்டு வாடகை, பிள்ளைகள் பள்ளி எல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறி. என்எச்எல் வீரருக்கு இடமாற்றச் செலவை ஈடுகட்டும் விதி கூட்டு ஒப்பந்தத்தில் உண்டு. ரசீது இல்லாமல் அது கைக்கு வராது.

ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்க அணி நினைத்தாலும் சும்மா அனுப்பிவிட முடியாது. 26 வயது முடிந்தவரானால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும், அதற்குக் குறைந்த வயதென்றால் மூன்றில் ஒரு பங்கும் தர வேண்டும். காயத்தோடு இருப்பவரை இப்படி வெளியேற்ற முடியாது.

பலருக்குத் தெரியாத கதவு ஒன்றும் உண்டு. 25 வயதாகி, மூன்று தொழில்முறை சீசன் முடித்து, ஒப்பந்தமும் முடிந்த நிலையில் என்எச்எல்லில் 80 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியிருந்தால், கோல்கீப்பர் தவிர்த்த மற்றவர்கள் தடையற்ற சுதந்திர வீரர்கள். பழைய அணியின் பிடி விட்டுப்போகிறது. இந்தக் கணக்கை ஒவ்வொரு ஜூன் மாதமும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏஎச்எல்லில் ‘பிடிஓ’ என்ற சோதனை ஒப்பந்தம் 25 ஆட்டம் வரை போகும். எந்த நாளும் விடுவிக்கலாம். இதில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல: ‘மூன்றாவது ஆட்டத்தில் முழங்கால் போனால் சிகிச்சைக்கும் சம்பளத்துக்கும் யார் பொறுப்பு?’

காயம்: அன்றைக்கே எழுதுங்கள்

என்எச்எல் ஒப்பந்தத்தின்படி, ஆட்டத்தில் காயமடைந்து ஆட முடியாத வீரரைக் கீழ் லீகுக்கு இறக்க முடியாது. அந்தச் சீசன் சம்பளம் தொடரும். அணி மருத்துவர் ‘ஃபிட்’ என்று சொன்னதை ஏற்காவிட்டால் தன் விருப்பப்படி இன்னொரு மருத்துவரிடம் காட்டும் உரிமையும் உண்டு. இருவர் கருத்தும் மோதினால் மூன்றாவதாக ஒரு நடுநிலை மருத்துவர் முடிவு சொல்வார்.

இந்த உரிமைகள் நழுவிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. சீசன் முடிந்ததும் நடக்கும் இறுதி மருத்துவப் பரிசோதனை அது. படிவத்தில் ‘ஏதாவது காயம் உண்டா?’ என்ற வரி. அடுத்த ஒப்பந்தம் கையில் இல்லாத வீரர் தோள் வலியை விழுங்கிக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறார். ஜூலையில் ஸ்கேன் எடுக்கும்போது தசைநார் கிழிந்திருப்பது தெரிகிறது. ஆனால் ஏப்ரல் மாதக் கையெழுத்து அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. வலி எங்கே, எந்தத் தேதி ஆட்டத்தில் வந்தது, யார் பார்த்தார்கள் என்று அந்தப் படிவத்திலேயே எழுதி, நகல் கேட்டு வாங்குவது வீரரின் வேலை.

வேலையில் காயமடைந்தவருக்கான அரசு இழப்பீட்டை எல்லா ஊரிலும் நம்ப முடியாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சட்டம் தொழில்முறை விளையாட்டு வீரர்களின் ஆட்டத்தை ‘வேலை’ என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. வெளிமாநில வீரர்கள் தன்னிடம் வந்து கோருவதைக் கலிபோர்னியா 2013இல் இறுக்கிவிட்டது. அணி எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்ப்பது நல்லது.

பாதுகாப்புக் கவசம் விருப்பமா கட்டாயமா என்பதும் லீகைப் பொறுத்தே மாறுகிறது. மினசோட்டாக்காரர் ஆடம் ஜான்சன் பிட்ஸ்பர்க் அணிக்காக 13 என்எச்எல் ஆட்டங்கள் ஆடியபின் ஸ்வீடன், ஜெர்மனி என்று சுற்றி, பிரிட்டனின் நாட்டிங்காம் அணியில் சேர்ந்தார். 2023 அக்டோபர் 28 அன்று ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரரின் ஸ்கேட் கழுத்தில் வெட்டி இறந்தார். வயது 29. அதன் பிறகே கழுத்துக் கவச விதிகள் பல லீகுகளில் வேகம் பிடித்தன. விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; கவசம் போட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

தலையில் பட்ட அடி

ஸ்டீவ் மான்டடோரை, இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. தானாக வந்து இடம்பிடித்து, கால்கரி முதல் சிகாகோ வரை ஆறு அணிகளுக்கு 571 ஆட்டங்கள் ஆடினார். 2015 பிப்ரவரியில் 35 வயதில் இறந்தார். அவரது மூளையில் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்ததை டொராண்டோ ஆய்வாளர்கள் கண்டார்கள். சண்டைக்காரராகப் பெயர் பெற்ற டெரெக் பூகார்ட் 2011இல் 28 வயதில் வலிநிவாரணி மாத்திரையும் மதுவும் கலந்ததால் இறந்தார். அவரது மூளையிலும் சிடிஇ.

தலைக் காயங்கள் குறித்து ஓய்வுபெற்ற வீரர்கள் என்எச்எல் மீது 2013இல் தொடங்கிய வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது. மொத்தத் தொகை 1 கோடியே 89 லட்சம் டாலர். ஆளுக்கு ஏறத்தாழ 22,000 டாலரும் பரிசோதனை, சிகிச்சைச் செலவும். லீக் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் இதே பிரச்சினைக்குப் பெற்றது சுமார் 100 கோடி டாலர். இந்த வித்தியாசத்துக்கான காரணங்களில் முக்கியமான ஒன்று: ஹாக்கி வீரர்களின் வழக்கை ஒட்டுமொத்தக் குழு வழக்காக நடத்த நீதிமன்றம் அனுமதி மறுத்துவிட்டது. ஆளாளுக்குத் தனியாக நிற்க வேண்டிய நிலையில், அவரவர் மருத்துவக் கோப்புதான் பலம்.

மூளை அதிர்ச்சி சந்தேகம் வந்தால் வீரரை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்து, அமைதியான அறையில் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது என்எச்எல் விதி. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது இவற்றை மறைக்கிறவர் அந்த ஓர் ஆட்டத்தைக் காப்பாற்றி வருமானக் காலத்தையே பணயம் வைக்கிறார். வலி மாத்திரைகளை எந்த மருத்துவர் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். ஊர் மாறும்போதெல்லாம் மருத்துவரும் மாறுவதால் மொத்த அளவு யாருக்குமே தெரியாமல் போகிறது.

பணத்தைத் தொடும் கைகள்

பிரையன் பெரார்ட் 1995இல் டிராஃப்டின் முதல் தேர்வு. 2000இல் எதிராளியின் மட்டை பட்டு ஒரு கண்ணின் பார்வை ஏறக்குறைய போனது. காப்பீட்டுத் தொகை 65 லட்சம் டாலர் கிடைத்தது. மீண்டும் ஆட வேண்டும் என்ற ஆசையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அணி அணியாக மாறி ஆடினார். பிறகு ஃபில் கென்னர் என்ற நிதி ஆலோசகரிடம் ஏமாந்த வீரர்களில் அவரும் ஒருவரானார். கென்னர் மீதான மோசடிக் குற்றம் 2015இல் நிரூபணமாகி, 2020இல் 17 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வந்த காப்பீட்டுப் பணத்துக்கும் நிபந்தனை உண்டு, நம்பிய ஆளிடமும் கணக்குக் கேட்க வேண்டும் என்ற இரண்டு பாடமும் இந்த ஒருவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

என்எச்எல்லில் ஆடிய ஜாக் ஜான்சன் தன் தாய்க்கே பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்தார். வரப்போகும் சம்பளத்தைக் காட்டிக் கடன்மேல் கடன் வாங்கப்பட்டு, 2014இல் அவர் திவால் மனு போட வேண்டியதாயிற்று. பவர் கொடுப்பதே தவறு என்பதல்ல. எந்தக் காரியத்துக்கு, எவ்வளவு தொகை வரை, எந்தத் தேதி வரை என்ற மூன்றும் பத்திரத்தில் இருக்க வேண்டும். வருமானத்தைக் கையாள்பவர், முதலீடு செய்பவர், கணக்குத் தணிக்கை செய்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

வாயைத் திறந்தால்?

அக்கிம் அலியு நைஜீரியாவில் பிறந்து, கீவில் வளர்ந்து, கனடா வந்து ஹாக்கி கற்றவர். 2009-10இல் ஏஎச்எல்லின் ராக்ஃபோர்ட் அணியில் பயிற்சியாளர் பில் பீட்டர்ஸ் தன்னை இனவெறிச் சொல்லால் திட்டியதாகவும், எதிர்த்துப் பேசியதும் கீழ் லீகுக்கு அனுப்பப்பட்டதாகவும் 2019இல் வெளியே சொன்னார். கால்கரி அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பீட்டர்ஸ் தவறான சொல் பயன்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, நான்கே நாளில் பதவி விலகினார். அலியு ஆடியது ஏழே என்எச்எல் ஆட்டங்கள்.

இப்படிப்பட்ட நிலையில் உடனே ஊரைக் கூட்ட முடியாமல் போகலாம். ஆனால் தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி, சங்கப் பிரதிநிதிக்கு மின்னஞ்சலாக அனுப்ப முடியும். பின்னாளில் அந்த மின்னஞ்சலின் தேதி பேசும்.

யாரிடம் போவது?

டெட் லிண்ட்சே 1957இல் வீரர் சங்கம் தொடங்க முயன்றார். தன் ஆட்ட வாழ்வின் சிறந்த சீசனை முடித்த கையோடு டெட்ராய்ட் அணி அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டது. நிலைத்து நின்ற சங்கம் 1967இல்தான் வந்தது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் ஆலன் ஈகிள்சன் வீரர்களையே ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டு 1998இல் சிறை போனார். ஓய்வூதிய நிதியின் உபரி தங்களுடையது என்று கார்ல் பிரூவர், கார்டி ஹோ உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் 1992இல் ஒன்டாரியோ நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; 1994இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 4 கோடி டாலருக்கு மேல் திரும்பி வந்தது. சங்கம் வேண்டும், சங்கத்திடமும் கணக்குக் கேட்க வேண்டும்.

இன்று என்எச்எல் வீரருக்கு என்எச்எல்பிஏ, ஏஎச்எல், ஈசிஎச்எல் வீரருக்கு பிஎச்பிஏ என்ற சங்கங்கள் உண்டு. சம்பளப் பிடித்தம், மருத்துவம், விடுவிப்பு எதிலும் தகராறு வந்தால் புகார் பதிவு செய்ய நாள் கெடு உண்டு. சீசன் முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். போதை, மது, மனநலச் சிக்கல்களுக்கு 1996 முதல் என்எச்எல்லும் அதன் வீரர் சங்கமும் சேர்ந்து நடத்தும் உதவித் திட்டம் இருக்கிறது. அதில் பெறும் சிகிச்சை விவரங்கள் ரகசியமாகவே வைக்கப்படும்.

டொராண்டோ, மார்க்கம் பக்கம் விடியற்காலையில் பிள்ளைகளை அரங்கத்துக்கு ஏற்றி இறக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. முன்பு ஓஎச்எல் போன்ற கனடிய மேஜர் ஜூனியர் லீகில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்கான தகுதி போய்விடும். 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்க முடிவாகி, 2025 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. இரண்டு வழியும் இப்போது திறந்திருப்பதால் அவசரக் கையெழுத்துக்குக் காரணமே இல்லை. ஜூனியர் அணி தரும் படிப்பு உதவித்தொகை எந்த நிலையில் காலாவதியாகும் என்று எழுத்தில் கேளுங்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் ஒப்பந்தத்தை, அந்த அணியோடும் ஏஜெண்டோடும் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும்.

கைவசம் இருக்க வேண்டியவை:

1. எல்லா ஒப்பந்தங்களின் முழு நகல், பின்னிணைப்புகளோடு.
2. ஒவ்வோர் அணியிலிருந்தும் விலகும்போது கேட்டு வாங்கிய மருத்துவக் கோப்பு.
3. எந்த நாள் எந்த லீகில் இருந்தார் என்ற நாட்குறிப்பு. சம்பளக் கணக்குக்கும், ஆடிய மாநிலங்களில் கட்ட வேண்டிய வருமான வரிக்கும் இதுவே ஆதாரம்.
4. ஏஜெண்டின் கமிஷன் விகிதம், எழுத்தில்.
5. வெளிநாட்டு அணியென்றால் விசா, சர்வதேசப் பரிமாற்ற அட்டை, காப்பீடு மூன்றும் கைக்கு வந்தபிறகே விமானம்.
6. சங்கப் பிரதிநிதியின் எண், வீரரின் போனில் மட்டுமல்ல, வீட்டில் இன்னொருவர் போனிலும்.