வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் விலை உண்டு

2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், நிக்கோபார் தீவுக்கூட்டத்திலுள்ள கட்சால் தீவு உலகச் செய்திகளில் இடம்பெற்றது. கிரீன்விச் நேரப்படி புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு 12 மணி, இந்திய நேரப்படி காலை 5.30. அந்த நொடியில் கதிரவன் எழும் நிலப்பகுதி எதுவெனக் கணக்கிட்டபோது கட்சாலின் பெயர் வந்தது. பசிபிக் பெருங்கடலின் தீவுகள் சில வேறொரு கணக்கின்படி அப்பெருமை தமக்கே உரியதென்றன. அது தனி வழக்கு. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மறுநாளும் அதே கடற்கரையில் அதே கதிரவன் எழுந்தான். எனினும், மக்கள் விரும்பியது அந்த ஒரு நாளின் ஒரு நிமிடத்தை மட்டுமே. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளை விரும்பும்போது பிறப்பதே கூட்டம்.

ஆனால் கட்சாலில் கூட்டம் வரம்பு மீற வழியில்லை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நிக்கோபார் தீவுகள் காக்கப்படுகின்றன; வெளியார் அனுமதிச் சீட்டின்றி அங்கே செல்ல இயலாது. அனுமதி பெற்றவரும் கப்பலில் இடம் இருந்தால்தான் போய்ச் சேரலாம். வருவோரின் எண்ணிக்கை துறைமுகத்திலேயே முடிவாகிவிடுகிறது. கேளிக்கைப் பூங்காவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. விடுமுறை நாளில் அதன் வாயில் பல்லாயிரம் பேரை உள்ளே விடுகிறது. ஒரு சவாரியில் ஒரு முறைக்கு இருபது, முப்பது இருக்கைகளே உள்ளன. வாயிலில் நிறுத்தப்படாத கூட்டம் உள்ளே வரிசைகளாக நிற்கிறது. நுழைவுச் சீட்டில் அச்சிடப்படாத இந்த இரண்டாவது கட்டணத்தைப் பற்றியே இக்கட்டுரை.

கட்சாலைத் தொட்டுத் தொடங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களில் சில குடும்பங்கள் அத்தீவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்வதற்காகக் குடியேற்றப்பட்டன. அத்தகைய குடும்பம் ஒன்று, பிள்ளைகளுக்குச் சென்னையைக் காட்டப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் கட்சாலிலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, தீவுகளிடைக் கப்பல். வழியில் எத்தனை தீவுகளில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் பயண நேரம் மாறும். அங்கிருந்து சென்னைக்கு விமானம். அல்லது ஏறத்தாழ மூன்று நாள் கப்பல் பயணம். திரும்பவும் அதே வழி. இவ்வளவுக்கும் நடுவே கேளிக்கைப் பூங்காவுக்கென்று கிடைப்பது ஒரே ஒரு நாள். தாம்பரத்தில் வசிப்பவர் கூட்டத்தைக் கண்டால், ‘அடுத்த மாதம் வருவோம்’ என்று திரும்பிவிடலாம். கட்சால் குடும்பத்துக்கு அடுத்த மாதம் என்பது இல்லை. இன்னும் சில ஆண்டுகள் சேமித்த பிறகே அடுத்த முறை. ஆகவே நம் கணக்கை அவர்களுடைய நிலையிலிருந்தே போட்டுப் பார்ப்போம். அவர்களுக்குச் சரியாக வரும் கணக்கு மற்றவர்களுக்கும் சரியாகவே வரும்.

நால்வர் கொண்ட குடும்பம். ஆளுக்கு 1,500 ரூபாய் சீட்டு என்று கொண்டால் 6,000 ரூபாய். பூங்கா காலை 11 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கிறது. உணவுக்கு ஒரு மணி நேரம் போக எஞ்சுவது 360 நிமிடங்கள். ஒவ்வொரு பெரிய சவாரிக்கும் 45 நிமிடம் காத்திருந்து, ஏறி இறங்கி அடுத்ததற்கு நடக்க 10 நிமிடம் ஆகுமானால், அன்று கிடைப்பவை ஆறு சவாரிகள். குடும்பத்துக்குச் சவாரி ஒன்றின் அடக்க விலை 1,000 ரூபாய். அதே பூங்காவில் காத்திருப்பு 15 நிமிடமாகக் குறையும் நாளில் பதினான்கு சவாரிகள் கிடைக்கும். அடக்க விலை 430 ரூபாயை எட்டாது. சீட்டின் விலையில் பத்து விழுக்காடு தள்ளுபடி தேடி இணையத்தில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடும் நாம், பாதிக்கும் மேலான இத்தள்ளுபடியை நாட்காட்டியில் தேடுவதில்லை.

எனவே முதல் முடிவு நாளைப் பற்றியது. தமிழ்நாட்டில் அரையாண்டு விடுமுறை விழும் டிசம்பர் கடைசி வாரம், பொங்கல் நாட்கள், மே மாதத்து ஞாயிறுகள் ஆகியவை உச்ச நெரிசல் காலம். காணும் பொங்கலன்று மெரினாவும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் எப்படி இருக்கும் என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி வேலை நாளாக உள்ள செவ்வாய், புதன் கிழமைகள் அதற்கு மறுதுருவம். பல பூங்காக்களில் வார நாள் கட்டணமும் குறைவு. தீவிலிருந்து வருவோர் பூங்கா நாளைக் கப்பல் அட்டவணையோடு ஒட்டி வைக்கலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். தேதியிட்ட சீட்டோ காத்திராது. சென்னை வந்து சேர்ந்தபின் இரண்டு நாளாவது விட்டு, தேதி மாற்ற இடமளிக்கும் சீட்டாக வாங்குவதே பாதுகாப்பு. இதற்காகச் சற்றுக் கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம் என்பது நம் கருத்து. அது ஒருவகைக் காப்பீடு.

அடுத்தது வரிசையின் கணக்கு. 24 இருக்கைகள் கொண்ட ஒரு ரோலர் கோஸ்டர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட்டால், மணிக்கு 480 பேர் ஏறுவர். உமக்கு முன்னே 360 பேர் நின்றால் 45 நிமிடம் ஆகும். இந்த வகுத்தலை வரிசையின் கடைசியில் நின்றபடியே செய்து பார்க்கலாம்: ஒரு முறை புறப்படும்போது எத்தனை பேர் ஏறுகின்றனர், அடுத்தது எத்தனை நிமிடத்தில் புறப்படுகிறது என்று ஒருமுறை கவனித்தால் போதும். வரிசையின் நீளம் மட்டும் ஏமாற்றும். நீண்ட வரிசை உடைய சவாரி வேகமாக ஆள் ஏற்றுவதாயின் விரைவில் நகரும். எட்டுப் பேர் மட்டுமே ஏறும் சிறு சவாரியின் குட்டையான வரிசை அசையாமல் நிற்கும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909ஆம் ஆண்டில் தொலைபேசி அழைப்புகளின் வருகையைக் கணக்கிட்டு எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்ததே வரிசைக் கோட்பாடு என்னும் கணிதத் துறை. அது கூறும் ஓர் உண்மை நம் கிளைகளிலும் புலப்படும். ஓய்வூதியம் வரவாகும் மாதத் தொடக்கத்தில் வருவோர் தொகை சிறிதளவு கூடினால் காத்திருப்பும் சிறிதளவு கூடுவதில்லை, பன்மடங்கு கூடுகிறது. கவுண்டரின் கொள்ளளவு ஏற்கெனவே நிரம்பியிருப்பதே காரணம். (வங்கி அலுவலர்கள் வரிசையைப் பற்றி அறிவுரை கூறுவதைக் கண்டு வாசகர்கள் புன்னகைப்பதை நாம் அறிவோம்.)

இதிலிருந்து நேரத்தைப் பற்றிய முடிவும் கிடைக்கிறது. பூங்கா திறந்த முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. திறப்பதற்கு அரை மணி முன்னரே வாயிலில் நின்று, நுழைந்ததும் கண்ணில் படும் முதல் ராட்டினத்தில் ஏறிவிடாமல், கோடியில் உள்ள பெரிய சவாரிக்கு நேரே செல்ல வேண்டும். வாயிலருகே தேங்கும் கூட்டம் அங்கே வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று பெரிய சவாரிகள் முடிந்துவிடும். உணவை நண்பகலுக்கு முன்போ இரண்டரை மணிக்குப் பின்போ வைத்துக்கொண்டால் உணவகத்தின் வரிசை மிச்சம். மற்றவர் உண்ணும் நேரத்தில் சவாரிகளின் வரிசையும் தளரும். வெயில் ஏறியதும் கூட்டம் நீர்ச்சறுக்குகளை நாடும்போது, நிழலுள்ள உலர் சவாரிகளை நாடலாம்.

சிறு வரிசைகளே நாளை அரித்துவிடும் என்பதையும் மறத்தல் ஆகாது. நீர்ச்சறுக்குகளில் பருத்தி ஆடைக்குப் பல பூங்காக்களில் அனுமதியில்லை. நைலான் ஆடைதான் வேண்டும். அதை வீட்டிலிருந்தே கொண்டுசென்றால் வாடகைக்கு வாங்க ஒரு வரிசை, திருப்பித்தர ஒரு வரிசை என இரண்டு மிச்சம். அதைவிட முக்கியம், பிள்ளையின் உயரம். பெரிய சவாரிகளுக்குக் குறைந்தபட்ச உயரம் விதிக்கப்பட்டிருக்கும். ஒரு மணி நேரம் நின்றபின் அளவுகோலின் முன் நிறுத்தி ‘முடியாது’ என்று சொல்லப்படும் குழந்தையின் முகத்தைக் காணும் துன்பத்தை, வீட்டுச் சுவரில் ஒரு கோடு கிழித்துப் பார்த்துத் தவிர்த்துவிடலாம். எந்தச் சவாரிக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைப் பூங்காக்கள் தம் இணையதளத்திலேயே தெரிவிக்கின்றன.

இனி, பணம் கொடுத்து முந்தும் விரைவுச் சீட்டு. இது பற்றி வாடிக்கையாளர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, போலிச் சீட்டுகளுடன் அழைப்பில்லாதோரும் பெருந்திரளாகப் புகுந்து பூங்கா திணறியது. 1999இல் அந்நிறுவனம் இலவச நேரச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. குறித்த நேரத்தில் வந்தால் போதும், அதுவரை வேறிடம் சுற்றலாம். திருப்பதியில் தரிசனத்துக்கு நேரம் குறித்த டோக்கன் பெற்றவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. 2021இல் அந்த இலவச முறை போய், கட்டண முறை வந்தது. இந்தியாவிலும் வொண்டர்லா போன்ற பூங்காக்கள் விரைவுச் சீட்டைத் தனிக் கட்டணத்துக்கு விற்கின்றன.

விரைவுச் சீட்டு புதிய இருக்கைகளை உண்டாக்குவதில்லை, இருப்பவற்றையே பங்கிடுகிறது. மேற்சொன்ன 24 இருக்கைகளில் எட்டு விரைவு வரிசைக்குப் போனால், பொது வரிசைக்கு மணிக்கு 320 இடங்களே மிஞ்சும். முன்னே நிற்கும் 360 பேர் ஏறி முடிய 45 நிமிடத்துக்குப் பதில் 67 நிமிடத்துக்கு மேலாகும். ஒருவர் வாங்கும் நேரம் மற்றவரிடமிருந்து எடுக்கப்படும் நேரமே. வங்கிகளில் மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கவுண்டர் வேண்டுமென ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் பணித்தது; அங்கே முன்னுரிமை தேவையைப் பொறுத்தது. பூங்காவில் அது பணத்தைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றெனக் கூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் வாழ்நாளில் ஒருமுறை வரும் குடும்பம், உச்ச நெரிசல் நாளில் வர நேர்ந்துவிட்டால் அதை வாங்குவதைக் குறைகூறவும் மாட்டோம். வார நாளில் வாங்குவதுதான் வீண் செலவு. வாங்கும் முன், அது எந்தெந்தச் சவாரிகளுக்குச் செல்லும், ஒரு சவாரிக்கு எத்தனை முறை என்று படித்துப் பார்த்து, மிச்சமாகும் மணி நேரத்தால் கட்டணத்தை வகுத்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சிறிது நேரம் நின்றே ஆக வேண்டும். டேவிட் மெய்ஸ்டர் 1985ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், வெறுமனே கழியும் நேரம் ஏதேனும் செய்துகொண்டே கழியும் நேரத்தைவிட நீண்டதாகத் தோன்றும் என்றும், எவ்வளவு நேரம் எனத் தெரியாத காத்திருப்பு தெரிந்த காத்திருப்பைவிடச் சலிப்பூட்டும் என்றும் காட்டினார். ஆகவே வரிசையில் சேருமுன் ஊழியரிடம் எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். விடுகதையும் அந்தாக்ஷரியும் கைப்பேசியின் மின்கலத்தைத் தின்பதில்லை. பாட்டியும் தாத்தாவும் எல்லா வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை; நிழலில் அமர ஓரிடம் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், பிரிந்தவர் மீண்டும் சேரும் இடமாகவும் அது அமையும். காணும் பொங்கலன்று மெரினாவில் காவல் துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுகின்றனர். பூங்காவில் அதை நாமே செய்துகொள்ளலாம்.

பணம் செலுத்துவது குறித்துச் சில சொற்கள். சீட்டைப் பூங்காவின் சொந்த இணையதளத்திலோ செயலியிலோ மட்டும் வாங்குக. விடுமுறைக் காலத்தில் ‘பாதி விலை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். 2020 ஆகஸ்ட்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடி இழைவடம் கட்சாலின் அண்டைத் தீவான கமோர்ட்டாவை எட்டியுள்ளதால், தீவுப் பகுதியிலிருந்து இணையப் பதிவு செய்வது முன்போல் அரிதன்று. சிறு செலவுகளுக்கு யூபிஐ லைட்டில் பணம் நிரப்பி வைத்தால், ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை, பின் எண் இன்றிச் செலுத்தலாம். அதில் இருப்பு 5,000 ரூபாய்க்கு மேற்படாது என்பதால் கைப்பேசி தொலைந்தாலும் இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. கூட்டத்தில் இணைப்புத் தடைப்படக்கூடும். சிறிது ரொக்கமும் கையில் இருக்கட்டும். பயணம் முழுவதற்குமான தொகைக்குத் தொடர் வைப்புக் கணக்கே ஏற்றது. மாதம் 2,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் செலுத்தினால் அசல் 48,000 ரூபாயும் அதன் வட்டியும் கைக்கு வரும். முதிர்வுத் தேதியைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக அமைத்தால், விமானச் சீட்டை விலை ஏறுமுன் வாங்க முடியும்.

மாலையைப் பற்றி ஒன்று. ஊர் திரும்பும் பேருந்துக்காகப் பலர் ஐந்து மணிக்கே வெளியேறத் தொடங்குவர்; காலையில் ஒரு மணி நேரம் கேட்ட சவாரி அப்போது கால் மணியில் கிடைக்கும். ஒவ்வொரு சவாரியின் வரிசையும் எத்தனை மணிக்கு அடைக்கப்படும் என்பதைக் காலையில் நுழையும்போதே கேட்டுக் குறித்துக்கொள்க. பூங்கா மூடும் நேரமும் வரிசை மூடும் நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.