குறுகிய இடம் எது? நூற்பாலை கற்பிக்கும் ஓட்டக் கணக்கு

ஒரு தொழிற்சாலை நடக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் முதல், இயந்திரம், மூலப்பொருள், ஆட்கள் என்று உடனே விடை வரும். இவை நான்கும் குறைவின்றி இருந்தும் நொடித்துப் போன ஆலைகள் உண்டு. இவற்றைவிடக் குறைந்த வசதியோடு செம்மையாக நடக்கும் ஆலைகளும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குரிய காரணங்களுள் முக்கியமான ஒன்று, பொருள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தடையின்றிச் செல்லும் ஓட்டமாகும். அந்த ஓட்டத்தைத் திட்டமிட்டு, கண்காணித்து, ஒழுங்கு செய்யும் துறையே உற்பத்தி நிர்வாகம். இதில் அனுபவ அறிவுக்கு இடம் உண்டு. ஆனால் அடிப்படையில் இருப்பது எளிய கணக்கு.

மதுரைவாசிகள் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகு தொலைவு போக வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கு மேற்கே, ஆரப்பாளையத்தை அடுத்த பகுதியில், ஹார்வி சகோதரர்கள் நிறுவிய மதுரை மில் 1892-ல் நூற்கத் தொடங்கியது. 1974-ல் அது மதுரா கோட்ஸ் ஆயிற்று. இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது பஞ்சாலைத் தொழில். ஆகவே ஒரு நூற்பாலையையே எடுத்துக்கொள்வோம். பின்வரும் கணக்கில் வரும் ஆலை கற்பனை ஆலைதான். ஆனால் அதன் செய்முறை எல்லா நூற்பாலைகளுக்கும் பொது.

பஞ்சு நூலாகும் பாதை

பேல்களாக வரும் பஞ்சு முதலில் புளோரூமில் பிரிக்கப்பட்டுத் தூசு நீக்கப்படுகிறது. அடுத்து, கார்டிங் இயந்திரம் இழைகளைச் சீவி, மெத்தென்ற கயிறுபோல் திரட்டித் தருகிறது. இதற்குச் சிலைவர் என்று பெயர். டிராயிங் இயந்திரத்தில் ஆறு அல்லது எட்டுச் சிலைவர்கள் ஒன்றாகச் சேர்த்து இழுக்கப்பட்டுச் சீராகின்றன. சிம்ப்ளெக்ஸ் அதனை மேலும் மெல்லியதாக்கிச் சிறிது முறுக்கேற்றிப் பாபினில் சுற்றுகிறது. பிறகு ஸ்பின்னிங்கில் உரிய மென்மையும் முழு முறுக்கும் பெற்று நூலாகிறது. கடைசியில் வைண்டிங்கில் கோனாகச் சுற்றப்பட்டு வெளியேறுகிறது.

ஸ்பின்னிங்கில் ஒரு கதிர் எவ்வளவு நூற்கும்? 40-ஆம் நம்பர் நூலுக்கு ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 25 முறுக்குகள் வேண்டும். கதிர் நிமிடத்துக்கு 16,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுழற்சிக்கு ஒரு முறுக்கு. ஆகவே நிமிடத்துக்கு 640 அங்குலம், அதாவது சுமார் 16 மீட்டர் நூல் கிடைக்கும். இந்த நீளத்தின் எடை கால் கிராமைவிடச் சற்றுக் குறைவு. இழை அறுபடுவது, பாபின் மாற்றுவது போன்றவற்றுக்கான நேரத்தைக் கழித்தால், ஒரு கதிர் மணிக்கு ஏறத்தாழ 13 கிராம் தரும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு நூறு கிராம்தான்! கதிர்களை ஆயிரக்கணக்கில் நிறுத்த வேண்டியிருப்பது இதனால்தான். ஓர் ஆலையின் அளவை இத்தனை கதிர்கள் என்று சொல்லும் வழக்கத்தின் பொருளும் இதுவே.

நம் ஆலையில் 24,000 கதிர்கள் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டமும் மணிக்கு எத்தனை கிலோ கையாள வல்லது என்பதை எழுதிப் பார்ப்போம்.

புளோரூம் - 500
கார்டிங் - 400
டிராயிங் - 450
சிம்ப்ளெக்ஸ் - 420
ஸ்பின்னிங் - 312
வைண்டிங் - 380

கழிவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இந்த ஆலை மணிக்கு எத்தனை கிலோ நூல் தரும்? சராசரியும் விடையன்று, பெரிய எண்ணும் விடையன்று. 312 கிலோதான் விடை. வெவ்வேறு அகலமுள்ள குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், மிகக் குறுகிய குழாயே நீரின் அளவைத் தீர்மானிக்கிறது அல்லவா? அதே நிலைதான் இங்கும்.

வேகம் எங்கே பயன்படும்?

உற்பத்தியைப் பெருக்க விரும்பும் முதலாளி புதிய கார்டிங் இயந்திரம் ஒன்று வாங்குகிறார் என்போம். நூல் ஒரு கிராம்கூடக் கூடாது. இருக்கிற கார்டிங் இயந்திரங்களையே முழு மூச்சில் ஓட்டினாலும் மணிக்கு 88 கிலோ பஞ்சு செல்ல வழியின்றி இடையில் தேங்கும். ஒரு நாளில் அது இரண்டு டன்னைத் தாண்டும். பஞ்சு வாங்கிய பணத்துக்கு வட்டி ஏறும். தேங்கிய சிலைவர் தூசு படிந்து கெடும். கார்டிங் தொழிலாளியின் வியர்வையும் வீணாகும்.

மாறாக, ஸ்பின்னிங்கில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் உயர்வு கண்டால் மணிக்கு 6 கிலோ, நாளொன்றுக்கு 150 கிலோ நூல் கூடும். இதற்குப் புதிய இயந்திரம் தேவைப்படாமலே போகலாம். மதுரையின் வறண்ட கோடையில் காற்றின் ஈரப்பதம் குறைந்தால் இழைகளில் நிலை மின்சாரம் தோன்றி அவை ஒன்றையொன்று விலக்கும், நூல் அடிக்கடி அறுபடும். ஈரப்பதம் மிகுந்தாலோ இழைகள் உருளைகளில் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஈரப்பதத்தை அளவோடு காப்பது உற்பத்தியைக் காப்பதாகும். நிறைந்த பாபின்களை எடுக்கும் நேரத்துக்கு முன்பே காலிப் பாபின்களை அருகில் கொண்டுவந்து வைத்தால், இயந்திரம் நிற்கும் நிமிடங்கள் குறையும். அறுந்த இழையை இணைக்கும் 'சைடர்' தொழிலாளி வெகுதூரம் நடக்க வேண்டாதபடி வேலையைப் பிரித்தாலும் இதே பயன் கிடைக்கும்.

இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியவர் ஓர் இயற்பியலாளர். இஸ்ரேலைச் சேர்ந்த எலியாஹு கோல்ட்ராட், ஒரு தொழிற்சாலையின் கதையாகவே இதனை எழுதி 1984-ல் வெளியிட்டார். குறுகிய இடத்தில் இழந்த ஒரு மணி நேரம் ஆலை முழுவதும் இழந்த ஒரு மணி நேரம், மற்ற இடத்தில் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரம் வெறும் கானல் நீர் என்பது அவருடைய கொள்கையின் சாரம்.

தேக்கமும் காலமும்

தேக்கத்துக்கு மற்றொரு தீங்கு உண்டு. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 பேருந்துகள் வந்து போகின்றன என்றும், ஒவ்வொன்றும் கால் மணி நேரம் நிற்கிறது என்றும் கொண்டால், எந்த நேரத்திலும் உள்ளே சராசரியாக 15 பேருந்துகள் இருக்கும். அரை மணி நேரம் நின்றால் 30 இருக்கும். உள்ளிருக்கும் அளவு, வரும் வேகத்தையும் தங்கும் காலத்தையும் பெருக்கி வருவதாகும். எளிதாகத் தோன்றும் இவ்விதிக்கு 1961-ல் பொதுவான நிறுவலை வெளியிட்டவர் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில்.

இதை நம் ஆலைக்குப் பொருத்துவோம். கட்டங்களுக்கிடையே 7,500 கிலோ பஞ்சு இருந்தால், உள்ளே போன பஞ்சு நூலாக வெளிவர ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். 15,000 கிலோ இருந்தால் 48 மணி நேரம். கார்டிங்கில் இன்று நேர்ந்த பழுது கோனில்தான் தெரியவருகிறது என்றால், அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு நாள் உற்பத்தி பழுதாகிவிடும். அப்படியானால் இடைச் சரக்கே கூடாதா? கூடாதென்பதில்லை. குறுகிய இடத்துக்கு முன்னால் மட்டும் அளவான கையிருப்பு வேண்டும். முந்தைய இயந்திரம் சிறிது நேரம் நின்றுபோனாலும் ஸ்பின்னிங் பட்டினி கிடக்கக் கூடாதல்லவா!

கண்ணொளி தந்த கணக்கு

இக்கணக்கு ஆலைக்கு மட்டும் உரியதன்று. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தோர் எண்ணற்றோர், அறுவை மருத்துவர்களோ மிகச் சிலர். மருத்துவரின் நேரமே அங்குக் குறுகிய இடம். ஆகவே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள் போடப்பட்டன. ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்துவர். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைக் கவனிப்பார். சோதனை, கட்டுப் போடுதல் போன்ற பணிகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் ஏற்றனர். மருத்துவரை அவசரப்படுத்தாமலே, அவருடைய காத்திருப்பு நீக்கப்பட்டது.

ஓரிடத்தை அகலப்படுத்தினால் தடை வேறிடத்தில் தோன்றும். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். ஏழைகளுக்கு அது எட்டாக் கனி. 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டு, அந்த லென்ஸ் இங்கேயே உற்பத்தியானது. விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. புரை நீக்கியபின் தடித்த மூக்குக்கண்ணாடியை நம்பியிருக்க வேண்டிய நிலை ஏழைகளுக்கும் மாறியது.

எல்லோரையும் எங்கும் விரைவாக வேலை செய்யச் சொல்வது நிர்வாகம் ஆகாது. அது ஆட்களைக் களைப்படையச் செய்யும், சரக்கைக் குவிக்கும். குறுகிய இடத்தைக் கண்டறிதல், அது வீணே நிற்காமல் காத்தல், மற்றவற்றை அதன் வேகத்துக்கு இசைவித்தல், பின் அதனை அகலப்படுத்துதல், புதிதாகத் தோன்றும் குறுகிய இடத்தைத் தேடுதல் ஆகியவையே நிர்வாகத்தின் படிகள்.

மாணவர்கள் தங்கள் ஊர் அரிசி ஆலையிலோ அச்சகத்திலோ இதைச் சோதித்துப் பார்க்கலாம். கடிகாரமும் ஒரு தாளும் போதும். முதலில் எங்கே சரக்குக் குவிந்து கிடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் குவியலுக்கு அடுத்த இயந்திரமே நீங்கள் தேடும் குறுகிய இடமாக இருக்கும்.