உறைந்த ஏரியில் தூண்டில்: கிரான்பி ஏரியின் பனிக்கட்டியும் மீன்பிடிப்பவரின் உரிமைகளும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிரான்பி ஏரி. குளிர்காலத்தில் இது உறைந்ததும், பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் இறக்கி லேக் டிரவுட், ரெயின்போ டிரவுட், கொக்கனி சால்மன் ஆகிய மீன்களைப் பிடிக்க ஆட்கள் திரள்கிறார்கள். காலடியில் இருக்கும் கட்டி தாங்கும் என்று அங்கே எந்த அரசுத் துறையும் சான்று தருவதில்லை. போவதா, திரும்புவதா என்பது கரையில் நிற்பவர் எடுக்க வேண்டிய முடிவு. உறைந்த ஏரியைப் பற்றிய விழிப்புணர்வு தொடங்க வேண்டிய இடம் இதுவே.

நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலே தங்குவதால் ஏரி மேலிருந்து கீழ்நோக்கி உறைகிறது. காற்றில்லாத, கடுங்குளிரான இரவுகளில் மெதுவாக உருவாகும் கட்டி கண்ணாடிபோலத் தெளிவாகவும் சற்றுக் கருமையாகவும் தெரியும், இதுவே உறுதியானது. விழுந்த பனி நீரில் ஊறி உறைந்தால் காற்றுக்குமிழ்கள் நிறைந்த வெள்ளைக் கட்டி உண்டாகும். அதன் வலு தெளிந்த கட்டியின் வலுவில் ஏறக்குறைய பாதிதான். மலை ஏரிகளில் பருவத் தொடக்கத்திலேயே பனி கனமாக விழுவதால் வெள்ளைக் கட்டியே அதிகம். மேலே படியும் பனிக்கு இன்னும் இரண்டு கெடுதல்கள் உண்டு. போர்வைபோல மூடிக் கட்டி தடிப்பதைத் தாமதப்படுத்தும். தன் எடையால் கட்டியை அழுத்தி, வெடிப்புகள் வழியே நீரை மேலே கசியவைக்கும். சேற்றில் புதைவதுபோல் கால் புதையும் இடங்களில் நடந்திருப்பது இந்தக் கசிவுதான்.

தெளிந்த கட்டி குறைந்தது 4 அங்குலம் தடிமன் இருந்தால்தான் ஓர் ஆள் நடக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம், சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம் என்கிறது மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை. வெள்ளைக் கட்டி என்றால் இந்த அளவுகளை இரட்டிப்பாகக் கொள்ள வேண்டும். இவற்றை உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. ஒரு துளையில் அளந்த தடிமன் அந்தத் துளைக்கு மட்டுமே பொருந்தும். பத்தடி தள்ளி ஓர் ஊற்று இருக்கலாம், ஓடை ஒன்று வந்து கலக்கலாம். அங்கே கட்டி பாதியாக மெலிந்திருக்கும்.

கிரான்பி இயற்கையான ஏரி அல்ல, அணையால் உருவான நீர்த்தேக்கம். கொலராடோ–பிக் தாம்சன் திட்டத்தின்படி இதன் நீர் ஷாடோ மவுண்டன் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து கிராண்ட் ஏரிக்குப் போய், மலைத்தொடரைக் குடைந்து செல்லும் சுமார் 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஆடம்ஸ் சுரங்கத்தின் வழியாகக் கிழக்குச் சமவெளியை அடைகிறது. உறைந்த தேக்கத்திலிருந்து நீர் எடுக்கப்படும்போது, மேலே உள்ள கட்டி தாங்கலின்றித் தாழ்ந்து கரையோரத்தில் முறிகிறது. அதனால் ஏரி நடுவில் தடித்திருந்தாலும், ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஆபத்தானவையாக இருக்கலாம். காலையில் எளிதாகக் கடந்த விளிம்பை மாலையில் மறுபடி சோதிக்காமல் மிதிக்கக் கூடாது. நீர் ஓடும் கால்வாய்கள், நீரேற்று நிலையத்தின் பக்கம், பாலத்தின் அடி ஆகியவற்றுக்கு அருகே போகவே வேண்டாம்.

சோதிக்கக் கடப்பாரை போதும். சில அடிகளுக்கு ஒருமுறை முன்னே ஓங்கிக் குத்திக்கொண்டே நடக்க வேண்டும்; ஓரிரு குத்தில் நீர் வந்தால் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். துளைக்கருவியால் அங்கங்கே துளையிட்டு, அளவுகோலை விட்டு அளக்க வேண்டும். கட்டி இடிமுழக்கம்போல் ஒலிப்பது புதியவர்களை அச்சுறுத்தும். வெப்பநிலை மாற்றத்தால் கட்டி விரிந்து சுருங்கும் ஒலியாகவே அது பெரும்பாலும் இருக்கும். வசந்தத்தில் நிலைமை வேறு: வெயிலில் கட்டி செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து, ஓரடித் தடிமன் இருந்தும் ஆளைத் தாங்காமல் உதிர்ந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும். கைப்பிடி வைத்த கூர்முனைகள் இரண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். பையில் வைத்தால் வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. எறிகயிறும் விசிலும் தேவை. தனியாகப் போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

உறைநீரில் விழுந்தவருக்கு என்ன நேரும் என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழக ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் 1–10–1 என்று சுருக்கித் தந்திருக்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாடின்றித் திணறும். அப்போது தலையை நீருக்கு மேலே வைத்திருந்தால் போதும். அடுத்த பத்து நிமிடம் வரை கைகால்கள் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். விழுந்த நொடியிலேயே எல்லாம் முடிந்தது என்ற பீதிதான் பலரைக் கொல்கிறது. உண்மையில் நேரம் இருக்கிறது. வந்த திசைக்குத் திரும்பி, கைகளைக் கட்டியின் மேல் பரப்பி, உடல் கிடைமட்டமாகும்வரை கால்களை உதைத்து, கூர்முனைகளைக் குத்தி ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல், எடை பரவும்படி உருண்டு விலக வேண்டும். ஏற முடியாவிட்டால் கைகளைக் கட்டியின் மேல் அசையாமல் வைத்திருப்பது நல்லது. ஈரச் சட்டைக்கை கட்டியோடு உறைந்து ஒட்டிக்கொண்டால், மயங்கினாலும் ஆள் மூழ்காமல் இருக்க வாய்ப்புண்டு.

கூட இருப்பவர் அருகே ஓடிப்போகக் கூடாது. 911-ஐ அழைத்துவிட்டு, கழியையோ கயிற்றையோ நீட்ட வேண்டும். நாய் விழுந்துவிட்டதென்று பின்னாலேயே போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மனம் தாங்காதுதான், ஆனாலும் கட்டி மன்னிக்காது. மீட்கப்பட்டவரைப் படுக்கவைத்து, ஈர உடைகளைக் கழற்றி, முதலில் மார்பையும் வயிற்றையும் சூடாக்க வேண்டும். கைகால்களைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் தீங்கு.

நீரில் விழாமலும் உயிர் போகலாம். கட்டியின் மேல் அமைக்கும் கூடாரத்துக்குள் புரொப்பேன் அடுப்பு எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயரத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் அதன் தாக்கம் கூடுதல். தலைவலியை உயரத்தால் வரும் மலைநோய் என்று எண்ணி உள்ளேயே படுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. காற்று வர மேலும் கீழும் திறப்பு வைப்பதும், மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவியை மாட்டுவதும் கட்டாயம்.

இனி உரிமைகள். கொலராடோவில் 16 வயது நிரம்பிய எவருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும்; வெளிமாநிலத்திலிருந்து வருபவர்கள் ஒரு நாளுக்கான உரிமமும் வாங்கலாம். இரண்டாவது தூண்டிலுக்குத் தனி முத்திரை உண்டு. உரிமக் கட்டணத்தோடு வசூலிக்கப்படும் ஒரு சிறு தொகை தேடல்–மீட்பு நிதிக்குப் போகிறது. மீட்புப் பொறுப்பு அந்தந்தக் கவுண்டியின் ஷெரிஃப்புடையது. களத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்கள் மீட்புக்குப் பணம் கேட்பதில்லை. ஆகவே, செலவாகுமோ என்று அஞ்சி அழைப்பைத் தள்ளிப்போடத் தேவையே இல்லை. ஆம்புலன்ஸ், மருத்துவ ஹெலிகாப்டர், மருத்துவமனைச் செலவு ஆகியவை மட்டும் வேறு கணக்கு. அவை பெருந்தொகை ஆகக்கூடும். இந்தியாவிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், தங்கள் பயணக் காப்பீடு குளிர்கால விளையாட்டுகளை விலக்கியிருக்கிறதா என்று முன்பே படித்துப் பார்ப்பது நல்லது.

கட்டி உடைந்ததற்கு இழப்பீடு கேட்பது கடினம். பணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரின் பொறுப்பைக் கொலராடோ சட்டம் வெகுவாகக் குறைத்துள்ளது. தெரிந்த ஆபத்தை அவர் வேண்டுமென்றே எச்சரிக்காமல் விட்டார் என்று காட்டினால்தான் வழக்குக்கு இடமுண்டு. பணம் கொடுத்து வழிகாட்டியோடு போனால் நிலைமை மாறும். மீன்பிடிப் பயணம் நடத்தும் நிறுவனங்கள் மாநிலத்தில் பதிவு செய்து, பொறுப்புக் காப்பீடும் பிணைத்தொகையும் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு எழுத்து ஒப்பந்தமும் தர வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதும், கட்டி மோசமாகிப் பயணம் ரத்தானால் பணம் திரும்புமா என்று ஒப்பந்தத்தில் பார்ப்பதும் முன்பணம் கட்டுமுன் செய்ய வேண்டியவை. பதிவில்லாதவர் பற்றியும், சொன்னபடி நடக்காதவர் பற்றியும் மாநிலப் பதிவு அலுவலகத்தில் புகார் தரலாம்.

வாகனம் மூழ்கினால் வெளியே எடுக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. மினசோட்டாவில் அதற்கு 30 நாள் கெடு உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வாகனத்துக்காக எதுவும் கிடைக்காது.