ஆறு நிமிடத்தில் எண்பது சதவீதம்

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்ற பேச்சு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் விலையில் தொடங்கினாலும் பிளக் பாயின்ட்டில்தான் வந்து முடியும். சிப்காட் ஆலைகளை ஒட்டிய தெருக்களில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறைய. வீடு இரண்டாவது மாடியில், வண்டி தெருவில், மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். ராத்திரி முழுக்க வயரை இழுத்துவிட்டு சார்ஜ் போடுவது எப்படி? டி.வி.எஸ். ஐக்யூப், ஏத்தர், ஓலா, சிம்பிள் என்று நாடு முழுக்க ஓடும் வண்டிகள் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் உருவாகின்றன. அவற்றை முடுக்கிப் பூட்டும் தொழிலாளிக்கே அதில் ஒன்றைச் சார்ஜ் செய்ய இடமில்லாமல் போவது சரியல்ல. சீக்கிரம் சார்ஜ் ஏறும் பேட்டரி வசதிக்காரர்களின் அவசரத்துக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். சொந்தமாக ஒரு பிளக் இல்லாதவருக்குத்தான் அது முதலில் தேவை என்பேன்.

அப்படியானால் அதிக மின்சாரத்தை ஒரேயடியாகச் செலுத்திவிட்டால் ஆகாதா? ஆகாது. தடை சார்ஜரில் இல்லை, செல்லுக்குள்ளே இருக்கிறது.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, நடுவில் இருக்கும் திரவத்தைக் கடந்து, எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து தங்க வேண்டும். திரவத்தில் அவை வேகமாகவே நகரும். கிராஃபைட் துகளுக்குள் நுழைந்த பிறகுதான் நடை தளரும். லாரியிலிருந்து மூட்டை இறங்கும் வேகத்துக்குக் குடோனுக்குள் அடுக்க ஆள் போதாவிட்டால் வாசலிலேயே மூட்டை குவிவதுபோல, உள்ளே போக வழியில்லாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. கிராஃபைட் லித்தியத்தை ஏற்கும் மின்னழுத்தம், லித்தியம் உலோகமாகப் படியும் மின்னழுத்தத்தைவிட ஏறக்குறைய 0.1 வோல்ட்தான் மேலே என்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. படிந்த லித்தியத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைப்பதில்லை; பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறைகிறது. சில சமயம் அது ஊசிபோல வளர்ந்து, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்து உள்ளேயே ஷார்ட் ஆக்கிவிடும். குளிரில் அயனிகள் இன்னும் மந்தமாவதால் ஓசூரின் மார்கழி விடியலில் இந்த ஆபத்து கூடும்.

அடுத்தது சூடு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் மின்தடையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஓசூரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் இறங்கி கிருஷ்ணகிரிக்கு வந்தால் சித்திரை வெயில் வேறு சேர்ந்துகொள்ளும்.

இந்தத் தடைகளைச் சுற்றிப்போகப் பல முயற்சிகள் நடக்கின்றன. பெங்களூரின் எக்ஸ்போனன்ட் எனர்ஜி, சார்ஜ் ஏறும் நேரத்தில் சார்ஜரிலிருந்தே குளிர்ந்த நீரை பேட்டரிக்குள் ஓடவிட்டு, சரக்கு ஆட்டோக்களை 15 நிமிடத்தில் நிரப்புகிறது. குளிரூட்டும் கருவியை வண்டி சுமக்க வேண்டியதில்லை என்பது நல்ல யோசனை. கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் டைட்டனேட்டை வைத்தால் உலோகம் படியும் பயமே இல்லை, ஆனால் அதே எடையில் ஓடும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஓலா 2022-இல் இஸ்ரேலின் ஸ்டோர்டாட் நிறுவனத்தில் முதலீடு செய்தது. ஐந்து நிமிட சார்ஜ்தான் அந்த நிறுவனத்தின் இலக்கு. சீனாவின் பி.ஒய்.டி. 2025 மார்ச்சில் ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறும் கார்களை அறிவித்தது. அதற்கு ஒரு மெகாவாட் சார்ஜர் வேண்டும்.

என்னை அதிகம் ஈர்த்தது ஓசூருக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் வேலை. பேராசிரியர் பிரேம்குமார் செங்குட்டுவனின் குழு உருவாக்கிய சோடியம் அயனி பேட்டரி ஆறே நிமிடத்தில் 80 சதவீதம் ஏறுகிறது, 3,000 முறைக்கு மேல் சார்ஜ் தாங்குகிறது என்று 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது.

அவர்கள் எடுத்துக்கொண்டது நாசிகான் என்ற படிக அமைப்பு. சோடியம் அயனிகள் தாராளமாக நடமாடும் திறந்த வழிகள் கொண்ட இந்தச் சட்டகத்தை 1976-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர் ஜான் குட்எனஃப். பின்னாளில் நோபல் பெற்றவர். மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம் 1980-களில் அவரோடு சேர்ந்து இதே குடும்பத்துச் சேர்மங்களை பேட்டரி முனைகளாக ஆராய்ந்தார். 2019-இல் குட்எனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

ஜக்கூர் குழு, வனேடியமும் நியோபியமும் கொண்ட நாசிகான் பாஸ்பேட்டை எதிர்முனையாக்கி, அதில் மூன்று வேலைகள் செய்தது. முதலாவது, துகள்களை நானோ அளவுக்குச் சிறிதாக்கியது. இதன் பலன் பெரிது: துகளின் அளவு பாதியானால் அயனி உள்ளே பரவும் நேரம் கால்வாசியாகும், பத்தில் ஒன்றானால் நூறில் ஒன்றாகும். ஆனால் துகள் சிறுத்தால் மேற்பரப்பு பெருகி, வேண்டாத வினைகளும் பெருகும். துகளுக்குத் துகள் எலெக்ட்ரான் தாவுவதும் சிரமம். அதனால் இரண்டாவதாக, ஒவ்வொன்றையும் மெல்லிய கார்பன் உறையால் போர்த்தினார்கள். மூன்றாவதாக, கொஞ்சம் அலுமினியமும் சேர்த்தார்கள்.

சோடியத்துக்கு இன்னொரு சாதகமும் உண்டு. கிராஃபைட் வைத்த லித்தியம் செல்லின் எதிர்முனைக்குச் செம்புத் தகடு கட்டாயம். சோடியத்துக்கு அலுமினியத் தகடே போதும். உப்பு விளையும் தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கும் மாநிலத்தில் சோடியத்துக்குப் பஞ்சமில்லை. லித்தியம் செல்களையோ நாம் பெரும்பாலும் இறக்குமதி செய்கிறோம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் லித்தியம் செல் நுட்பத்தை 2018-இல் ராசி குழுமத்துக்குக் கொடுத்தபோது, ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமையும் என்றே அறிவித்தார்கள். இப்போது ஓலா 4680 என்ற தன் லித்தியம் செல்லை இதே மாவட்டத்தில் செய்கிறது. இந்த மண்டலத்தில் பேட்டரி பேக் கட்டும் கைகள் ஏராளம். செல்லுக்குள் என்ன பொருள் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் இடமாகவும் இது வளர வேண்டும் என்று விரும்புகிறேன். சார்ஜ் வேகம் அந்தப் பொருளில்தான் தீர்மானமாகிறது.

கணக்கும் ஒன்று பார்க்க வேண்டும். 3 யூனிட் பிடிக்கும் ஸ்கூட்டர் பேட்டரியை ஆறு மணி நேரத்தில் நிரப்ப அரை கிலோவாட் போதும். அதையே ஆறு நிமிடத்தில் 80 சதவீதம் ஏற்ற 24 கிலோவாட் வேண்டும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார்கள் ஆறை ஒன்றாக ஓட்டுவதைவிடச் சற்று அதிகம். எந்த வாடகை வீட்டு இணைப்பும் இதைத் தாங்காது. தெருமுனையிலோ ஆலை வாசலிலோ, டிரான்ஸ்பார்மர் பலத்தோடு பொதுச் சார்ஜர்கள் வர வேண்டும்.

ஜக்கூர் பேட்டரி கடைக்கு வர இன்னும் சில படிகள் உண்டு. சோடியம் அயனி லித்தியத்தைவிடப் பெரியது, கனமானது. ஒரு கிலோ பேட்டரி எவ்வளவு தூரம் ஓட்டும் என்பதில் அது இன்னும் பின்தங்கியே நிற்கிறது. நியோபியம் மலிவான பொருளும் அல்ல. ஆய்வகத்தின் சிறிய செல்லில் கிடைத்த வேகம், வண்டிக்கான பெரிய செல்லில், நாற்பது டிகிரி வெயிலில், மூவாயிரம் சார்ஜுக்குப் பிறகும் நிற்கிறதா என்று சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனைக்கு வேண்டிய வண்டிகளும் வெயிலும் பொறியாளர்களும் ஜக்கூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத்திலேயே இருக்கிறார்கள்.