தொலைத்தொடர்புச் சமிக்ஞை மென்பொருளுக்கான மெய்நிகர் இயந்திரங்களை நிறுவலும் நீக்கலும்: கடலூர்க் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கைப்பேசி வலையமைப்பில் பேச்சும் தரவும் செல்வதற்கு முன், ‘இவர் யார், எங்கு உள்ளார், இவருக்கு எச்சேவை உரியது’ என்பதைக் கணினிகள் தமக்குள் கேட்டறியும் செய்திப் பரிமாற்றமே சமிக்ஞை எனப்படும். இப்பணியைச் செய்யும் மென்பொருள்கள் இன்று பெரிதும் மெய்நிகர் இயந்திரங்களில் இயங்குகின்றன. அவற்றை நிறுவும் முறையையும் நீக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. நிறுவலினும் நீக்கலே இடர் மிகுந்தது என்பதையும், முறையான நீக்கல் பேரிடருக்கான ஒத்திகையாக அமையும் என்பதையும் புயல் வழித்தடமான கடலூர்க் கடற்கரையை முன்வைத்து நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: சமிக்ஞை, மெய்நிகர் இயந்திரம், டயமீட்டர், எஸ்.எஸ்.7, கடலூர், பேரிடர்.

முன்னுரை

2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2004 ஆழிப்பேரலை, 2015 வெள்ளம் ஆகியவற்றாலும் இம்மாவட்டம் பெரும் பாதிப்புக்கு உள்ளானது. இத்தகைய வேளைகளில் கோபுரம் சாய்வதும் மின்சாரம் நிற்பதும் கண்ணுக்குத் தெரியும் இழப்புகள். கண்ணுக்குத் தெரியாத மற்றொரு சார்பும் உண்டு. கடலூரில் கோபுரம் மீண்டும் இயங்கத் தொடங்கினாலும், அதன்கீழ் உள்ள கைப்பேசிகள் தம்மைப் பதிவு செய்துகொண்ட பின்னரே சேவை பெற முடியும். அப்பதிவை ஏற்கும் சந்தாதாரர் தரவகம் பெரும்பாலும் தொலைநகரத் தரவு மையத்தின் வழங்கியில் (சர்வர்) உள்ளது.

சமிக்ஞையும் மெய்நிகராக்கமும்

எஸ்.எஸ்.7 என்னும் சமிக்ஞை நெறிமுறை 1980இல் பன்னாட்டுத் தரமாக வெளியிடப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வொரு பணிக்கும் தனித்த வன்பொருள் தேவைப்பட்டது. பின்னர் எஸ்.எஸ்.7 செய்திகளை இணைய நெறிமுறையின்மேல் ஏற்றிச் செல்லும் எம்3யூஏ முறையும், நான்காம் தலைமுறை வலையமைப்பில் டயமீட்டர் நெறிமுறையும் வழக்கிற்கு வந்தன. லினக்ஸ் கருவகத்தில் 2007இல் கே.வி.எம். இணைந்ததும், வலையமைப்புப் பணிகளைப் பொது வழங்கிகளில் மென்பொருளாக இயக்குவதற்கான தொழிற்குழு 2012இல் எட்சி (ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம்) அமைப்பில் உருவானதும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டு 4ஜி வலையமைப்பின் மையப்பகுதியும் சி-டாட் உருவாக்கிய மென்பொருளே.

நிறுவும் முறை

நிறுவல் நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, இடம் ஒதுக்குதல். இணையாக இயங்க வேண்டிய இரு சமிக்ஞை இயந்திரங்களை ஒரே வழங்கியில் வைத்தல் கூடாது. அவ்வழங்கி பழுதானால் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும். இரண்டாவது, வளம் ஒதுக்குதல். சமிக்ஞைச் செய்திகள் சிறியவை. ஆயினும் காலத்தாழ்வைப் பொறாதவை. எனவே செயலிக் கருக்களைப் பிற இயந்திரங்களோடு பகிராமல் தனித்து ஒதுக்குவது வழக்கம். மூன்றாவது, அடையாளம் வழங்குதல். எஸ்.எஸ்.7இல் ஒவ்வொரு முனைக்கும் 14 பிட் கொண்ட முனைக்குறி உண்டு; டயமீட்டரில் தனிப்பெயர் உண்டு. முன்பே உள்ள இயந்திரத்தைப் படியெடுத்து அடையாளத்தை மாற்ற மறந்தால், ஒரே பெயரில் இரு இயந்திரங்கள் எழுந்து இணைப்புகளைக் குழப்பும். நான்காவது, அண்டை முனைகளில் பதிவு செய்தல். புதிய இயந்திரத்தின் முகவரியை அவை அறிந்த பின்னரே அதற்குப் போக்குவரத்து வரும். அதையும் சிறிது சிறிதாகவே திருப்ப வேண்டும்.

நீக்கும் முறை

நிறுவலில் பிழை நேர்ந்தால் புதிய இயந்திரம் பணிக்கு வராது, அவ்வளவே. நீக்கலில் பிழை நேர்ந்தால் நடந்துகொண்டிருக்கும் சேவை அறுபடும். காரணம், இயந்திரம் ஒரு வழங்கியில் இருப்பினும் அதன் அடையாளம் அண்டை முனைகள் அனைத்திலும் பதிந்திருக்கிறது.

ஆகவே நீக்கல், நிறுவலின் தலைகீழ் வரிசையில் நிகழ வேண்டும். முதலில் புதிய கோரிக்கைகளை நிறுத்தி, ஏற்றவற்றை முடிக்க வேண்டும். அடுத்து விடைபெறும் செய்தியை அனுப்ப வேண்டும். எம்3யூஏவில் ‘செயலற்ற நிலை’, ‘இறங்கிய நிலை’ என்னும் அறிவிப்புகள் இதற்கு உரியவை. டயமீட்டரில் இணைப்புத் துண்டிப்புக் கோரிக்கை உண்டு. அதில் காரணக் குறியும் இடம்பெறும். ‘மறுதொடக்கம்’ என்று குறித்தால் அண்டை முனை மீண்டும் இணைய முயலலாம். நிலையான நீக்கலுக்கு அக்குறி பொருந்தாது. விடைபெறாமல் மின்னிணைப்பைப் பிடுங்கியதுபோல் நிறுத்தினால், டயமீட்டரின் கண்காணிப்புச் செய்தியை மட்டும் நம்பியுள்ள அண்டை முனை அதை உணர ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை ஆகலாம். அச்செய்திக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 30 நொடி. அதுவரை வரும் கோரிக்கைகள் விடையின்றிப் போகும்.

இறுதியாக இயந்திரத்தின் வரையறையும் வட்டுக் கோப்பும் அகற்றப்படும். கே.வி.எம். மேலாண்மைக் கருவியான விர்ஷில் ‘டெஸ்ட்ராய்’ என்னும் கட்டளை, பெயருக்கு மாறாக, இயந்திரத்தை உடனே நிறுத்துமேயன்றி அழிப்பதில்லை. ‘அன்டிஃபைன்’ கட்டளை வரையறையை நீக்கினும், தனியே கூறாவிடில் வட்டுக் கோப்பு எஞ்சும். சந்தாதாரர் தரவக வட்டில் சிம் அட்டைகளின் மறைகுறிகள் இருப்பதால், இவ்வெச்சம் பாதுகாப்புச் சிக்கலாகும்.

நீக்கலும் பேரிடர் ஒத்திகையும்

இரு இயந்திரங்கள் தலா 60 விழுக்காட்டுச் சுமையில் இயங்குவதாகக் கொள்வோம். ஒன்றை நீக்கினால் மற்றொன்றின் சுமை 120 விழுக்காடாகும், அது தாங்காது. மூன்று இயந்திரங்கள் எனின் எஞ்சிய இரண்டும் 90 விழுக்காட்டில் தாங்கும். எந்த இருப்புத்திறன் நீக்கலைத் தாங்குகிறதோ, அதே இருப்புத்திறனே புயல் நாளில் ஒரு வழங்கி வீழும்போதும் தாங்குகிறது.

புயல் நாளில் சுமையும் கூடும். மின்சாரம் திரும்பியதும் பல்லாயிரம் கைப்பேசிகள் ஒரே வேளையில் பதிவுக்கு முனையும். பேரிடரில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனக் கோபுரத்தைப் பயன்படுத்த அரசு வழிசெய்யும்போது, அப்பதிவுகளும் சொந்த நிறுவனத் தரவகத்தையே நாடும். எனவே 90 விழுக்காடும் போதிய இருப்பு ஆகாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிப்பதால், இக்கடற்கரைக்குப் பணியாற்றும் இயந்திரங்களை நீக்குதலை அதற்கு முன்னரே முடிப்பது தகும்.

முடிவுரை

சமிக்ஞை மென்பொருளில் நீக்கல் என்பது கோப்பை அழிக்கும் செயல் அன்று. அண்டை முனைகளிடம் முறையாக விடைபெறும் செயல். நிறுவலின் தலைகீழ் வரிசை, சரியான காரணக் குறி, எஞ்சிய வட்டின் தூய்மை, போதிய இருப்புத்திறன் ஆகிய நான்கும் அதன் அளவுகோல்கள். திட்டமிட்ட நீக்கலை அமைதியான நாளில் தாங்காத வலையமைப்பு, திட்டமிடாத இழப்பைப் புயல் நாளில் தாங்கும் என எதிர்பார்க்க இயலாது. கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு ஒரே லினக்ஸ் வழங்கியில் இச்சோதனையைக் கல்லூரி ஆய்வகங்களிலும் நிகழ்த்திப் பார்க்கலாம்.