மணற்கடிகாரமும் வருணனையாளரும்

விளையாட்டு வருணனையாளராக விரும்பும் கல்லூரி மாணவர், அமெரிக்கரான றெட் பார்பரின் தொடக்கத்தை அறிதல் நன்று. கல்வித்துறையிற் பட்டம்பெறும் நோக்குடன் புளோரிடாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், துப்புரவு வேலை செய்து படித்தார். 1930 ஜனவரியில், பல்கலைக்கழக வானொலியிற் கட்டுரை வாசிக்க வேண்டிய பேராசிரியர் வராது போகவே, அப்பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பொருளோ, பசுக்களின் பிரசவ மருத்துவம்! அச்சில நிமிடங்கள் அவரை ஒலிபரப்புத் தொழிலுக்கு இழுத்துவிட்டன.

அவ்வாண்டே பல்கலைக்கழக அணியின் உதைபந்தாட்டத்தை வருணிக்கலானார். முதல் வருணனை சோபிக்கவில்லை. ஆட்டக்காரரை அறியாதவர் ஆட்டத்தை எங்ஙனம் சொல்வது? பயிற்சிகளுக்குச் சென்று அணியை நன்கு அறிந்துகொண்ட பின்னரே சொற்கள் தடையின்றி வந்தன.

1934இல் சின்சினாட்டி பேஸ்போல் அணியின் வருணனையாளரானார். முதற்றரப் பேஸ்போல் போட்டியொன்றை அவர் முதன்முதலிற் கண்டதும், தாமே அதனை வருணித்த அன்றுதான். வருணிக்கையில் முட்டை அவிப்போர் பயன்படுத்தும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். மணல் இறங்கியதும் ஓட்ட எண்ணிக்கையைக் கூறிவிட்டு, அதனைத் திருப்பி வைப்பார். இடையில் வானொலியைத் திறந்த நேயர், எவ்வணி முன்னிற்கிறது என்பதை அறியாது நெடுநேரம் காத்திருக்கலாகாது என்பதற்கே இவ்வேற்பாடு.