புற்றுக்கட்டிக்கு ரத்தம் போகும் வழியும் சின்ன வெங்காயமும்

பெரம்பலூர் மாவட்டத்தில் சிறுவாச்சூர், செட்டிகுளம், பாடாலூர் வட்டாரங்களில் சின்ன வெங்காயம் முக்கியமான பணப்பயிர். வெங்காயம், மஞ்சள், சோயா மொச்சை போன்ற உணவுப் பொருள்களில் உள்ள சில இயற்கைப் பொருள்கள், புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கக் கூடியவை என்று விஞ்ஞானிகள் சோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள். இந்தச் செய்தி வாய் மாறி, "வெங்காயம் தின்றால் புற்றுநோய் போய்விடும்" என்று ஊருக்குள் வந்து சேரும்போதுதான் ஆபத்து. ஆராய்ச்சி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை விவசாயக் குடும்பங்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

வயலுக்கு வாய்க்கால் எப்படியோ அப்படித்தான் உடம்புக்கு ரத்தக் குழாய். வளர்ந்த மனிதரின் உடம்பில் புதிய குழாய்கள் காரணமின்றி முளைப்பதில்லை. மண்வெட்டி பட்ட கால் ஆறும்போது முளைக்கும். கருவுற்ற பெண்ணின் வயிற்றில் நஞ்சுக்கொடி வளரும்போது முளைக்கும். வேலை முடிந்ததும் நின்றுவிடும். புற்றுக்கட்டியோ இந்த ஏற்பாட்டைத் தன் காரியத்துக்குத் திருப்பிக் கொள்கிறது. தனக்கென ரத்தக் குழாய் இல்லாத கட்டி, கேழ்வரகு மணி அளவுக்கு மேல் பெரிதாக முடியாது. ஆகவே அது ஒரு வகைப் புரதத்தைச் சுரக்கிறது. அதனால் தூண்டப்பட்டு, பக்கத்தில் உள்ள குழாய்கள் கிளைவிட்டுக் கட்டிக்குள் நுழைகின்றன. மடை திறந்தபின் கட்டி மளமளவென்று பெருக்கிறது. அதே வழியாகப் பிற உறுப்புகளுக்கும் பரவுகிறது.

இந்த மடையை அடைத்தால் கட்டி காயும் என்று 1971-ல் எழுதியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் ஜூடா போக்மன். பல ஆண்டுகள் அதை நம்பியவர்கள் குறைவு. 2004-ல்தான் இந்த அடிப்படையில் தயாரான 'பெவாசிசுமாப்' என்ற ஊசி மருந்து, பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உணவுப் பொருளுக்கு இந்தச் சக்தி உண்டா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்? கோழி முட்டையை வைத்துத்தான். அடை வைத்த நான்காம், ஐந்தாம் நாளில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காத கோழிக்காரர் இல்லை. உள்ளே சிலந்தி வலை போல் சிவப்பு நரம்புகள் ஓடினால் கரு கூடியிருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் அது கூமுட்டை. அந்தச் சிவப்பு நரம்புகள் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களே. விஞ்ஞானிகள் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, உள்ளே உள்ள சவ்வின்மேல் சோதிக்க வேண்டிய பொருளை மிகச் சிறிய அளவில் வைத்து, மறுபடி அடைக்கருவியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டொரு நாளில் அந்த இடத்தில் குழாய்கள் குறைந்திருந்தால் பொருளுக்குத் தடுக்கும் குணம் உண்டு என்று பொருள். நாட்டுக்கோழி வளர்ப்பவருக்குத் தெரிந்த வித்தைதான், கருவிகள் மட்டும் வேறு.

மஞ்சளில் உள்ள குர்குமினும், வெங்காயத்தில் உள்ள குவர்செட்டினும் இப்படிப்பட்ட சோதனைகளில் தேறியவை. சோயா மொச்சையில் உள்ள ஜெனிஸ்டீனுக்கு இக்குணம் இருப்பதை 1993-ல் ஜெர்மனியில் கண்டார்கள். 1999-ல் சுவீடனில், தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைத் தேயிலை நீர் குடித்த எலிகளின் கண்ணில் புதுக் குழாய்கள் குறைவாக முளைத்தன.

ஆனால் முட்டைச் சவ்வின்மேல் நேராக வைப்பது வேறு, வாய் வழியாகச் சாப்பிடுவது வேறு. குடலும் கல்லீரலும் குர்குமினை வந்த வேகத்தில் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-ல் வெளியான ஆராய்ச்சியில், 2 கிராம் குர்குமினைத் தனியாகத் தின்றவர்களின் ரத்தத்தில் அது ஏறக்குறைய தென்படவே இல்லை. மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது 20 மடங்கு கூடியது. மஞ்சளும் மிளகும் போட்டுப் பால் காய்ச்சும் நம் பெண்களுக்கு இது வியப்பாக இராது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 100 கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 கிராம்தான். அந்த 2 கிராமைப் பெற ஒருவர் 60 கிராமுக்கு மேல் தூள் தின்ன வேண்டும். குழம்பில் போடுவதோ ஒரு சிட்டிகை.

வெங்காயத்தின் நிலை சற்று மேல். வெங்காயத்துக் குவர்செட்டின், ஆப்பிளிலும் தேநீரிலும் உள்ளதைவிட நன்றாக உடம்பில் சேருகிறது. வெள்ளை வெங்காயத்தில் அது மிகக் குறைவு. நிறமுள்ள வகைகளில் அதிகம். காய்ந்த சருகிலும் அதற்கடுத்த வெளிச் சதையிலும்தான் செறிந்திருக்கிறது. ஆகவே உரிக்கும்போது சருகோடு இரண்டு சதையையும் சேர்த்து எறிவது வீண். வேக வைத்தால் ஒரு பங்கு நீரில் இறங்கும் என்பதால் அந்த நீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேர்த்துவிடலாம். சருகில் சத்து அதிகம் என்பதற்காக அதைக் காய்ச்சிக் குடிக்கக் கூடாது. திருகல் நோய்க்கும் இலைப்பேனுக்கும் தெளித்த மருந்தின் எச்சம் சருகில் தங்கியிருக்கக் கூடும். அடித்தவருக்கே தெரியும், எத்தனை முறை அடித்தோம் என்று.

இவற்றை அன்றாட உணவாக உண்பதில் தவறில்லை, நன்மையே. குழாய்களைத் தடுக்கும் அளவுக்கு அவை ரத்தத்தில் சேர்ந்து மனிதரின் புற்றுக்கட்டியைக் கரைத்ததாக நிரூபணம் இல்லை. உண்மையில் தடுக்கும் மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு மேலே சொன்ன ஊசியே சாட்சி. அதைப் போட்டுக் கொள்பவருக்குப் புண் ஆறத் தாமதமாகும். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது 28 நாள் முன்பே நிறுத்துகிறார்கள். குழம்புச் சோறு தின்றவருக்கு இப்படியெல்லாம் நேர்வதில்லை.

குர்குமினைச் செறிவாக்கிய மாத்திரைகளைச் சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2019-ல் இத்தாலிய அரசு எச்சரித்தது. இயற்கைப் பொருள் என்ற பெயரில் விலை கூட்டி விற்கும் இத்தகைய மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் வாங்கக் கூடாது.

மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு, மலத்தில் ரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய்க் காட்ட வேண்டும். வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் உள்ளவர்கள் வாய்ப்புண்ணை ஒரு நாளும் அலட்சியம் செய்யலாகாது. புற்றுநோய்ச் சிகிச்சைகள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் கையோடு எடுத்துப் போகலாம். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள், வீட்டில் சாப்பிடும் கஷாயம், சூரணம், மாத்திரை எதுவானாலும் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.